எலிவால் ஒன்றுக்கு ரெண்டு செம்பு

புளியரை தாண்டி எஸ் வளைவில்
எனக்கு முன்னால் அறுபது லாரி.
சாயங்கால மழையில் ஒரு டாரஸ்
குறுக்கே மல்லாந்து கிடக்கிறதாம்.
பின்னால் பாவூர்ச்சத்திரத்துத் தக்காளி, நூற்றிப்பத்துப் பெட்டி.
விடியுமுன் புனலூர் சேராவிட்டால்
பெட்டிக்கு நாற்பது குறையும்.
குறையட்டும் என்று சொல்ல
தக்காளி என்னுடையதில்லை.
வண்டிதான் என்னுடையது,
அதிலும் முப்பத்தொரு தவணை பாக்கி.

போனைத் திறந்தேன்.
அந்த ஊரிலும் மழை.
பன்னிரண்டு செம்புக்காசு, ஒரு கம்பு,
முழங்காலில் கிழிந்த கால்சட்டை.
எவனாயிருந்தாலும் இதோடுதான்
இறக்கிவிடுகிறார்கள் அங்கே.

கொல்லன் பட்டறையில் ஒரு வாள் தொங்குகிறது,
நீலமாய் மூச்சு விட்டுக்கொண்டு.
நானூறு செம்பு.
கிளீனர் உச்சிமாகாளி ரெண்டாம் நாளே
வட்டிக்கு வாங்கி அதை வாங்கினான்.
முதல் ஓநாயிடமே செத்தான்.
கையில் வாள், உடம்பில் சட்டையில்லை.

நான் எலி அடித்தேன்.
மாவு ஆலைக்கு அடியில் நிலவறை,
வாலுக்கு ரெண்டு செம்பு.
வெளியே வந்து ஒரு கொட்டாவி விட்டுத்
திரும்ப இறங்கினால்
செத்ததெல்லாம் எழுந்து நிற்கும்,
தவணைத் தேதி மாதிரி.

பிறகு காளான்.
பச்சையாய் விற்றால் ஒன்று,
சத்திரத்து அடுப்பில் காய்ச்சி விற்றால் ஐந்து.
அடுப்புக்கு வாடகையில்லை, விறகு தீர்வதில்லை.
இந்த ஒரு விஷயத்துக்காகவே
அந்த ஊரில் குடியேறலாம்.

கடைக்காரன் பெட்டியிலும் காசு தீரும்.
நூறுக்கு மேல் அவனிடம் இராது.
"நாளை வா" என்று தலையைத் தொங்கப்போடுவான்.
எங்கள் கமிஷன் மண்டி செல்வின்ராஜும்
இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்.
ஆனால் இங்கே வைக்கோலில் சாய்ந்தால்
ஒரு நொடியில் விடிகிறது,
பெட்டியும் நிறைந்துவிடுகிறது.

கடைசியில் உப்பு.
மலைக்கு இந்தப் பக்கம் மூன்று,
அந்தப் பக்கம் பதினொன்று.
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை,
பதினாறு வருஷமாய் இதைத்தானே செய்கிறேன்.

கணவாயில் ஒரு காவல்காரன்.
ஈட்டியைக் குறுக்கே போட்டான்.
வாயைத் திறக்கவில்லை.
பத்துச் செம்பு எடுத்துக் கொடுத்தேன்.
ஏழு நடை போனேன்,
ஏழு தடவையும் கொடுத்தேன்.

எட்டாம் நடைக்கு உச்சிமாகாளி விழித்துவிட்டான்.
கண்ணைக் கசக்கி எட்டிப் பார்த்து,
"அண்ணே, அவன் காசே கேக்கலியே.
கீழ பாருங்க, 'வழி விடு'ன்னு ஒண்ணு இருக்கு."

இருந்தது.
சின்ன எழுத்தில், பழுப்பு நிறத்தில்,
முதல் நடையிலிருந்தே இருந்திருக்கிறது.
அழுத்தினேன்.
ஈட்டியைத் தூக்கிக்கொண்டு
"வழுக்கும், பார்த்துப் போ" என்றான் அவன்.

எழுபது செம்பு.
எழுபது செம்பென்றால் முப்பத்தைந்து எலி.
உச்சிமாகாளி சிரித்தான்.
நான் கிளட்சை மிதித்து வைத்துக்கொண்டு
சும்மா இருந்தேன்.

மூணே முக்காலுக்கு வரிசை நகர்ந்தது.
ஆரியங்காவில் ஒரு புது ஆள்.
மீசை சரியாக முளைக்கவில்லை,
ஒரு கையில் குடை, இன்னொன்றில் டார்ச்.
"எந்தா லோடு?"
"தக்காளி."
வெளிச்சம் பெட்டிகள் மேல் போய்
என் முகத்துக்கு வந்து
அங்கேயே நின்றது.
வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

லைசென்ஸுக்குள் மடித்த நூறு ரூபாய்
பாதி வெளியே வந்துவிட்டது.
அதைப் பிடித்தபடியே
கண்ணாடியின் அடிப்பக்கம் பார்த்தேன்.
வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது.
சின்ன எழுத்து ஏதும் தெரியவில்லை.

உச்சிமாகாளி
முழங்கையால் இடித்தான்.